திருவிழாக் கடை மாலை, கிறிஸ்மஸ் லயிட், வலை ஈயம்: சின்னப் பிள்ளையள் உள்ள வீட்டுக்காரர் அடிக்கடி கேக்கிற கேள்வியள்

நான் திருமலையில ஏ.எல் பிள்ளையளுக்கு கெமிஸ்ட்ரி படிப்பிக்கிறன். போன வருசம் கோவில் திருவிழாக் கடையில தங்கச்சி தன்ர 3 வயசு மகளுக்கு பூ மாதிரி ஒரு பெண்டன் தொங்கிற மாலை வாங்கிக் குடுத்தா, பிள்ளை அண்டு இரவு முழுக்க அதை வாயில வைச்சுச் சூப்பிக்கொண்டே திரிஞ்சுது. அடுத்த நாள் பாத்தா தங்க நிறம் ஒரு பக்கம் போய் உள்ளுக்கு மங்கல் சாம்பலாத் தெரியுது, வெள்ளைத் தாளில தேய்ச்சுப் பாத்தன், பென்சில் மாதிரிக் கோடு விழுந்துது, ஈயம் அப்பிடித்தான் கோடு போடும். எனக்கு வயித்தைக் கலக்கிப் போட்டுது. அதுக்குப் பிறகு சொந்தக்காரர், அயல்வீட்டார், ரியூசன் பிள்ளையளிட அம்மாமார் எண்டு ஆக்கள் கேட்ட கேள்வியளைத்தான் இதில எழுதியிருக்கிறன்.

பார உலோகம் எண்டு சொல்லுறது என்னத்தை? எது எதுக்குப் பயப்பிட வேணும்?

வீட்டுச் சாமானில முக்கியமா மூண்டு: ஈயம், கட்மியம், இரசம் (பாதரசம்). இரும்பும் நாகமும் (சிங்க்) கொஞ்சம் உடம்புக்குத் தேவை, ஆனா இந்த மூண்டும் ஒரு துளி கூடத் தேவையில்லை. ஈயம் மலிவு, லேசா உருகும், அச்சில ஊத்தினா வடிவா வரும், பெயின்ட்டில கலந்தா மஞ்சளும் சிவப்பும் பளிச்செண்டு நிக்கும், பிளாஸ்ரிக்கில கலந்தா வெயிலுக்குச் சூட்டுக்குத் தாங்கும், அதாலதான் இவ்வளவு சாமானுக்குள்ள வந்து சேர்ந்துது. ஈயத்துக்குச் சட்டம் இறுகினவுடன சில நகைத் தொழிற்சாலையள் அதுக்குப் பதிலா கட்மியம் போடத் தொடங்கினதும் நடந்தது, 2010இல அமெரிக்காவில பிள்ளையளிட நகையில கட்மியம் இருக்கெண்டு கண்டுபிடிச்சு கடையளில இருந்து திருப்பி எடுத்தவை.

பென்சிலில இருக்கிறதும் காரீயம் எண்டுதானே சொல்லுறம்? பிள்ளை பென்சிலைக் கடிக்குது.

இது கனபேர் குழம்புற இடம். எங்கட நாட்டில பென்சில் கரியைக் காரீயம் எண்டு சொல்லுவம், பொகலையில, கஹட்டகஹவில கிண்டி எடுக்கிறது அதுதான், அது வெறும் காபன், அதில ஈயம் இல்லை. பழைய தமிழில காரீயம் எண்டா லெட் எண்ட கறுப்பு ஈயத்தையும் சொல்லும், வெள்ளீயம் எண்டா ரின். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறது எண்டு எங்கட அம்மம்மா சொன்னதெல்லாம் வெள்ளீயம், சுத்தமான வெள்ளீயமா இருந்தா அது ஆபத்தில்லை, ஆனா மலிவுக்காக லெட் கலந்து பூசினா அது வேற கதை. இனி நான் ஈயம் எண்டு எழுதுறதெல்லாம் இந்த லெட்டைத்தான். பென்சிலைக் கடிக்கிற பிள்ளைக்கு வெளி பெயின்ட்டைத்தான் கொஞ்சம் பாருங்கோ.

பெரியாக்களுக்கு ஒண்டும் செய்யாத சாமான் பிள்ளைக்கு மட்டும் ஏன் கூடாது?

பெரியாக்களுக்கும் செய்யும், பிறஷர், சிறுநீரகப் பிரச்சினை எல்லாம் வரும். ஆனா ஒரே அளவு ஈயம் வயித்துக்குள்ள போனா பெரியாளை விட சின்னப் பிள்ளையிட உடம்பு 4, 5 மடங்கு கூட உறிஞ்சும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உடம்புக்கு ஈயத்தையும் கல்சியத்தையும் சரியாப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது, வளருற பிள்ளையிட எலும்பு கல்சியத்துக்காகக் காத்துக்கொண்டு நிக்கேக்க ஈயமும் அதே வழியால உள்ளுக்குப் போயிடும். மூளையும் அந்த வயசிலதான் கட்டுப்படுது. படிப்பில கவனம் குறையுறது, பேச்சுப் பிந்துறது, சும்மா சும்மா எரிச்சல் படுறது எண்டு மெல்ல மெல்ல வரும், காய்ச்சல் மாதிரி ஒரு நாளில தெரியாது, அதுதான் எனக்கு இதில பெரிய கவலை. பாதுகாப்பான அளவு எண்டு ஒண்டும் கண்டுபிடிக்கப்படேல்லை. 2020இல யுனிசெப் சேர்ந்து வெளியிட்ட கணக்கில உலகத்தில மூண்டில ஒரு பிள்ளைக்கு, கிட்டத்தட்ட 80 கோடிப் பிள்ளையளுக்கு, இரத்தத்தில ஈயம் டெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் அல்லது கூட இருக்கு.

கர்ப்பிணிப் பிள்ளையளும் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. எலும்புக்குள்ள போன ஈயம் பத்து இருபது வருசம் கிடக்கும், வயித்தில பிள்ளை இருக்கேக்க எலும்பு கரைஞ்சு கல்சியம் குடுக்கிற நேரம் அதுவும் வெளியில வந்து பிள்ளைக்குப் போகும்.

திருவிழாக் கடையில வாங்கின தோடு, மாலை, மோதிரம் போட்டா தோலால உள்ளுக்குப் போகுமா?

தோலால ஈயம் போறது மிச்சம் குறைவு. வாயும் வயிறும்தான் பிரச்சினை. 2006இல அமெரிக்காவில மினசோட்டா மாநிலத்தில 4 வயசுப் பெடியன் ஒருத்தன் செத்தான், சப்பாத்து வாங்கினா இனாமாக் குடுத்த ஒரு கைச்சங்கிலியில தொங்கின இதய வடிவப் பெண்டனை விழுங்கியிருக்கிறான், முதல் சத்தியும் வயித்து நோவும் எண்டு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக சாதாரண வயித்துக் கோளாறு எண்டு நினைச்சிருக்கினம், பிறகு பாத்தா இரத்தத்தில ஈயம் டெசிலீற்றருக்கு 180 மைக்கிரோகிராம். அந்தப் பெண்டனில 99 வீதம் ஈயம். வயித்து அமிலத்துக்குள்ள கிடந்து கரைஞ்சிருக்கு. அந்தக் கம்பெனி 3 லட்சம் சங்கிலியைத் திருப்பி எடுத்தது, 2008இல அங்க பிள்ளையளிட சாமானுக்குப் புதுச் சட்டமே வந்தது, இப்ப அங்க பிள்ளையளிட சாமானில பத்து லட்சத்தில 100 பங்குக்கு மேல ஈயம் இருக்கக் கூடாது.

விழுங்கினாத்தான் எண்டில்லை, நாள் முழுக்கச் சூப்பிக்கொண்டிருந்தாலும் கொஞ்சம் கொஞ்சமா உள்ளுக்குப் போகும். எங்கட ஊரில உப்புக் காத்து, வேர்வை, உப்புவெளி பக்கம் கடல் குளிப்பு எல்லாம் சேர்ந்து மேல பூசின முலாமைக் கெதியாத் திண்டுடும். முலாம் போனாப் பிறகு உள்ளுக்கு இருக்கிற உலோகம் நேரா வாய்க்குத்தான்.

வீட்டில பாத்துக் கண்டுபிடிக்க ஏலுமா?

ஓரளவுக்கு. ஈயம் தண்ணியை விட 11 மடங்கு பாரம், அதால சின்னச் சாமான் கையில எடுத்தா எதிர்பாக்கிறதை விடப் பாரமா இருக்கும். நகத்தால கீறினா தடம் விழும், தாளில தேய்ச்சா சாம்பல் கோடு வரும், கீழ போட்டா கிணுங்காமல் தொப்பெண்டு விழும். இப்பிடி எல்லாம் இருந்தா தூக்கி எறியுங்கோ. ஆனா ஒண்டும் தெரியேல்லை எண்டுறதால நல்லது எண்டு நினைக்க வேண்டாம், கட்மியம் கலந்தது கெட்டியா, மினுக்கமா, வடிவாத்தான் இருக்கும், ஈயம் கொஞ்சம் கலந்த நாகமும் அப்பிடித்தான். நிறம் மாறுற கிட் விக்கினம், அது முலாமுக்கு மேல தேய்ச்சா சும்மா நல்லது எண்டு காட்டும், கட்மியத்தைக் காட்டவே காட்டாது. சரியாப் பாக்கிறதெண்டா எக்ஸ்ரே அடிச்சு உலோகம் சொல்லுற மெஷின் இல்லாட்டி லேப்பில கரைச்சுப் பாக்கிறதுதான், கொழும்பில கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனத்தில இப்பிடியான பரிசோதனையள் காசுக்குச் செய்வினம். 200 ரூபா மாலைக்கு ஆர் கொழும்பு போறது, அதால நான் சொல்லுறது, 6 வயசுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மலிவு உலோக நகையே வேண்டாம். நூலில கோத்த துணிப்பூ, மரமணி, கழுத்துக்குப் பூமாலை போதும், அந்த வயசுப் பிள்ளைக்குத் தங்கமும் தகரமும் ஒண்டுதான்.

ஐம்பொன் காப்பு, தாயத்து, ரசமணி எல்லாம் உடம்புக்கு நல்லது எண்டு கட்டுறமே?

நம்பிக்கையைப் பற்றி நான் கதைக்க வரேல்லை, உலோகத்தைப் பற்றி மட்டும் சொல்லுறன். ஐம்பொன் எண்டு பழைய நிகண்டு வழியில சொல்லுற அஞ்சும் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, ஈயம். ஈயம் பேரிலயே இருக்கு. கடையில ஐம்பொன் எண்டு விக்கிறதில என்ன எவ்வளவு கலந்தது எண்டு விக்கிறவருக்கே தெரியாது. பெரியாக்கள் கையில போடட்டும், பல்லு முளைக்கிற பிள்ளையிட கையில போட்டா அது நேரா வாய்க்குப் போகும். அரைஞாணில கட்டுற தாயத்துக் கூடும் அப்பிடித்தான், பிள்ளை இழுத்துக் கடிக்கும், கட்டத்தான் வேணுமெண்டா வெள்ளியில அல்லது தங்கத்தில நம்பிக்கையான பட்டறையில செய்வியுங்கோ. ரசமணி எண்டு விக்கிறது இரசத்தை வேற உலோகத்தோட சேர்த்துக் கட்டியாக்கினது எண்டுதான் சொல்லுகினம், அதைப் பிள்ளையிட கழுத்தில போட வேண்டாம், பாலில போட்டு அந்தப் பாலைக் குடிக்கவும் குடுக்க வேண்டாம். தயவு செய்து.

கிறிஸ்மஸ் மரம், லயிட், மினுக்கு ஜரிகை?

பிளாஸ்ரிக் மரம் கனக்க பிவிசியில செய்தது, பிவிசி உருக்குலையாமல் இருக்க முந்தி ஈயம் சேர்ப்பினம், பழைய மரம் வருசா வருசம் பெட்டிக்குள்ள இருந்து எடுக்கேக்க இலை முறிஞ்சு தூசி கொட்டும், அந்தத் தூசிக்குள்ள ஈயம் இருக்கலாம். 10, 15 வருசப் பழைய மரம் கையில பிடிக்கவே உதிருதெண்டா அதை விடுங்கோ. லயிட் வயரிட தோலும் பிவிசிதான், அதிலயும் ஈயம் சேர்த்திருப்பினம். சுத்தி முடிச்சவுடன சோப் போட்டுக் கை கழுவினா சரி, பிள்ளையை வயர் சிக்கெடுக்க விடாதேங்கோ, வாயில வைச்சுப் பல்லால கடிக்க விடவே கூடாது. மினுக்கு ஜரிகையை முந்தி ஈயத் தகட்டிலதான் செய்தவை, பாரமா வடிவாத் தொங்கும் எண்டு, 1972இல அமெரிக்கா அதை நிப்பாட்டினது, இப்ப கடையில இருக்கிறது பிளாஸ்ரிக். பழைய வீட்டுப் பெட்டிக்குள்ள பாட்டன் காலத்து ஜரிகை, பழைய பெயின்ட் பூசின பொம்மை ஏதும் கிடந்தா பிள்ளையளுக்கு எட்டாத இடத்தில வையுங்கோ.

வெசாக் கூடு, தீபாவளி சோடினை எல்லாத்துக்கும் கடதாசி, மூங்கில், தென்னங்குருத்து இருக்குதானே. அதுக்கு நான் பயப்பிடேல்லை.

கடல் வலைக்குப் பாரம் கட்ட வீட்டு வளவில ஈயம் உருக்கிறம். அதுவும் பிரச்சினையா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் திருக்கடலூர்க்காரர், இதுதான் இந்தப் பக்கத்திலயே முக்கியமான கேள்வி. கிறிஸ்மஸ் லயிட்டையும் மாலையையும் ஒரு பக்கம் வையுங்கோ, எங்கட கரையோர ஊருகளில ஒரு பிள்ளைக்கு ஈயம் போகக்கூடிய பெரிய வழி இதாத்தான் இருக்கும் எண்டு நான் நினைக்கிறன்.

ஈயம் 327 பாகை செல்சியசில உருகும், விறகடுப்பு அதுக்குத் தாராளமாப் போதும். உருகினதுக்கு மேல சாம்பல் மாதிரி ஒரு ஆடை படியுமே, கரண்டியால எடுத்து நிலத்தில கொட்டுவினம், அது ஈய ஒக்சைட்டு, கட்டி ஈயத்தை விட லேசா உடம்புக்குள்ள கரையும். காய்ஞ்சு மண்ணோட சேர்ந்து தூசியா அதே முற்றத்தில கிடக்கும், அடுத்த நாள் பிள்ளை அதில இருந்து சிரட்டையில சோறு கறி காய்ச்சி விளையாடும், கையைக் கழுவாமல் வாயில வைக்கும். அப்பா உருக்கின சாரத்தோட, சேட்டோட வந்து பிள்ளையைத் தூக்கினாலும் அதே தூசிதான். அடுப்பு கூடச் சூடானா புகையாவும் வரும். அதே சட்டியை, கரண்டியைக் கழுவிப் பிறகு சமையலுக்கு எடுக்கிற வீட்டையும் நான் கண்டிருக்கிறன், அது ஒரு நாளும் கூடாது.

பழைய ஆட்டோ பற்றரி, வாகன பற்றரியை உடைச்சு உருக்கிறது இன்னும் மோசம். பற்றரித் தகட்டில இருக்கிறது அரைவாசி தூள், அமிலமும் சேர்ந்திருக்கும். ஆபிரிக்காவில செனகல் நாட்டில தாக்கார் பக்கத்தில ஒரு கடலோரக் குடியிருப்பில பற்றரி ஈயம் பிரிச்ச இடத்தில 2007 கடைசியில இருந்து 2008 தொடக்கம் வரைக்கும் சில மாசத்தில 18 பிள்ளையள் செத்தவை. மண்ணில கிடந்த ஈயத்தூசிதான்.

தொழிலை விடச் சொல்ல நான் ஆர். ஏலுமெண்டா கடையில செய்து வாற ஈயமணியை வாங்குங்கோ. உருக்கித்தான் ஆகவேணும் எண்டா வீட்டுக்கும் கிணத்துக்கும் தூரமா, காத்து வீட்டுப் பக்கம் அடிக்காத நேரம், பிள்ளையளும் பிள்ளைத்தாச்சியளும் கிட்ட வராமல், அதுக்கெண்டு தனிச் சட்டி தனி உடுப்பு வைச்சுச் செய்யுங்கோ, கழிவுத் தூளை ஒரு மூடியுள்ள ரின்னுக்குள்ள சேருங்கோ, முடிஞ்சாப் பிறகு குளிச்சு உடுப்பு மாத்திப்போட்டுப் பிள்ளையைத் தூக்குங்கோ. ஈரமான ஈயத்தை உருகினதுக்குள்ள போட்டா நீராவியாகி வெடிச்சு முகத்துக்கு அடிக்கும், அதுவும் கவனம். தூண்டில் ஈயத்தைப் பல்லால கடிச்சு இறுக்கிற பழக்கம் இருக்குதே, அண்ணைமாரே, குறடு எடுங்கோ. வலை பின்னுற திண்ணையை விளக்குமாறால கூட்டாமல் ஈரத் துணியால துடையுங்கோ.

சமையல் சட்டி, பித்தளை, மஞ்சள் தூள்?

பழைய உலோகக் கழிவு, பழைய மெஷின் பாகம் எல்லாம் உருக்கி ஊத்தின மலிவு அலுமினியச் சட்டியில ஈயம் இருக்கலாம், புளிக்குழம்பு, தக்காளி, தேசிக்காய் போட்டா அது கறிக்குள்ள இறங்கும். 2025இல அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தியாவில இருந்து போன சில இந்தாலியம், அலுமினியம், பித்தளைச் சட்டியளில ஈயம் கசியுதெண்டு எச்சரிச்சது. புளிச்ச சமையலுக்கு எவர்சில்வர், இல்லாட்டி மினுக்கம் பூசாத மண்சட்டி. குத்துவிளக்குப் பித்தளையில கடைசல் லேசாக வர ஒண்டு ரெண்டு வீதம் ஈயம் சேர்க்கிறது வழமை, விளக்கா இருக்கட்டும், புளி போட்டு மினுக்கினாப் பிறகு கையைக் கழுவுங்கோ, அந்த வேலையைப் பிள்ளையிட்டக் குடுக்காதேங்கோ. ஊறுகாயைப் பழைய பூப்போட்ட பீங்கான் ஜாடியில மாசக்கணக்கா வைக்காமல் கண்ணாடிப் போத்தலில போடுங்கோ.

மஞ்சள் கிழங்குக்கும் தூளுக்கும் நிறம் கூட்ட ஈயக் குரோமேற்று எண்ட மஞ்சள் சாயம் கலக்கிறது பங்களாதேஷில பிடிபட்டது, 2019இல சந்தை மஞ்சளில 47 வீதத்தில ஈயம் இருந்தது, அரசாங்கம் இறங்கி ஆலையைப் பிடிச்சு தண்டம் போட 2021இல அது இல்லாமலே போட்டுது. மனம் வைச்சா ரெண்டு வருசத்தில திருத்தலாம் எண்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் இதுதான். 2020இல எங்கட நாட்டில மஞ்சள் இறக்குமதி நிப்பாட்டி விலை ஏறின காலம் என்னென்னவோ தூள் விக்குப்பட்டது ஞாபகம் இருக்கும். பச்சை மஞ்சளா வாங்கி வீட்டில காய வைச்சு மில்லில குடுத்து இடியுங்கோ.

குங்குமம், சுர்மா, வெள்ளையாக்கிற கிரீம்?

சில சிவப்புக் குங்குமத்தில ஈயச் சிவப்பு இருக்கு, 2017இல அமெரிக்காவில ஒரு பல்கலைக்கழகம் அங்கயும் இந்தியாவிலயும் வாங்கின 118 சாம்பிளைப் பாத்ததில முக்கால்வாசிக்கு மேல ஈயம் இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் தேசிக்காயும் சேர்த்துச் செய்த குங்குமம் பிரச்சினையில்லை. பிள்ளையிட நெத்தியில வேண்டாம், அது கையால தடவி வாயில வைக்கும். கிண்ணியா, மூதூர் பக்கம் பிள்ளையளிட கண்ணுக்குச் சுர்மா எண்ட மை போடுற வழக்கம் இருக்கு, வெளிநாட்டில இருந்து வாற சுர்மா கனக்க ஈயச் சல்பைட்டுக் கல்லை அரைச்சது, உம்மாமார் தயவு செய்து கேட்டுப் பாத்து வாங்குங்கோ. பேர் விலாசம் இல்லாத வெள்ளையாக்கிற கிரீமில இரசம் இருக்கும், பூசுறவவிட சிறுநீரகத்துக்கும் கூடாது, பக்கத்தில படுக்கிற பிள்ளைக்கும் கூடாது.

பழைய வீட்டுக் கதவு பெயின்ட் உரிஞ்சு விழுது.

2013இல இருந்துதான் இலங்கையில பெயின்ட்டில ஈயத்துக்குச் சட்டப்படி எல்லை வந்தது. அதுக்கு முந்தின கதவு, யன்னல், தொட்டில், கேற் எல்லாத்திலயும் இருக்கலாம் எண்டு வைச்சுக்கொண்டு வேலை செய்யுங்கோ. காய்ஞ்சபடி உரஞ்சுத்தாளால தேய்க்காமல் தண்ணி தெளிச்சுத் தேய்ச்சு, நிலத்தில தாள் விரிச்சு, பிள்ளையளை அம்மம்மா வீட்டை அனுப்பிப்போட்டுச் செய்யுங்கோ. தை பிறக்க முதல் கோவிலும் வீடும் பெயின்ட் அடிக்கிற நேரம் மேசன்மாருக்கும் இதைச் சொல்லுங்கோ.

வெப்பமானி உடைஞ்சு இரசம் ஓடிப்போட்டுது?

கூட்டாதேங்கோ, வக்கியூம் போடாதேங்கோ. பிள்ளையளை வெளியில அனுப்பி, யன்னலைத் திறந்து, தடிச்ச மட்டையால உருண்டையளை ஒண்டாச் சேர்த்து, மூடியுள்ள போத்தலுக்குள்ள போட்டு இறுக்கி மூடுங்கோ. சுருள் லயிட் (சி.எஃப்.எல்) உடைஞ்சாலும் 10, 15 நிமிசம் அறையை விட்டு வெளியில நிண்டு பிறகு துடைக்கலாம், அதில இரசம் மிச்சம் கொஞ்சம்தான்.

பிள்ளை விழுங்கிப் போட்டுது எண்டு நினைக்கிறன். என்ன செய்ய?

சத்தி எடுக்க வைக்காதேங்கோ, வாழைப்பழம் குடுத்துப் பாத்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். அதே மாதிரி மற்றச் சாமானையும் எடுத்துக்கொண்டு நேரா ஆசுப்பத்திரி, எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கோ. வாகனம் இல்லாட்டி 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ. லயிட் எரியுற, பாட்டுப் படிக்கிற விளையாட்டுச் சாமானில இருக்கிற பொத்தான் பற்றரி எண்டா ஒரு நிமிசமும் பிந்த ஏலாது, தொண்டைக் குழாயில சிக்கினா 2 மணித்தியாலத்துக்குள்ள எரிச்சு ஓட்டை போடும்.

இரத்தப் பரிசோதனை தேவையா?

பிள்ளை கனநாள் சூப்பியிருந்தா, வீட்டில ஈயம் உருக்கினா, மண் தின்னுற பழக்கம் இருந்தா டொக்டரிட்ட இதை வாய் திறந்து சொல்லிக் கேளுங்கோ. சாதாரண இரத்த டெஸ்டில ஈயம் தெரியாது, ஈயம் எண்டு தனியா எழுதித் தரவேணும். 5க்கு மேல வந்தா எங்க இருந்து வருதெண்டு தேடி நிப்பாட்ட வேணும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, அமெரிக்காவில 2021இல இருந்து 3.5 வந்தாலே கவனிக்கினம். 45க்கு மேல போனாத்தான் பிள்ளையளுக்கு ஈயத்தை இழுத்து வெளியேத்துற மருந்து, அதுக்குக் கீழ மருந்து எண்டா வாற வழியை அடைக்கிறதுதான். தங்கச்சியிட மகளுக்கு 4 வந்துது. மாலையை எடுத்தாப் பிறகு திருப்பிப் பாக்க 2க்குக் கீழ இறங்கியிருந்துது, அண்டுதான் தங்கச்சி ஒழுங்கா நித்திரை கொண்டவ.

சாப்பாட்டால குறைக்கலாமோ?

இரும்புச் சத்தும் கல்சியமும் குறைஞ்ச பிள்ளை ஈயத்தைக் கூட உறிஞ்சும். முருங்கையிலை, பொன்னாங்காணி, முள்ளோட நெத்தலி, பயறு, பால், கூட தேசிக்காய் அல்லது கொய்யா. கிளினிக்கில குடுக்கிற திரிபோஷ சத்துமாவைப் பிள்ளைக்கே குடுங்கோ. வெறும் வயித்தோட விளையாட விடாதேங்கோ. ஈயம் உள்ள தண்ணியைக் கொதிக்க வைச்சா ஈயம் போகாது, தண்ணி வத்த வத்த செறிவு கூடத்தான் செய்யும்.

கழிச்ச சாமானை என்ன செய்யுறது? கடைக்காரரைப் பற்றி ஆரிட்டச் சொல்லுறது?

எரிக்காதேங்கோ, கடற்கரையில தாட்டு வைக்காதேங்கோ, வேற பிள்ளைக்குக் குடுக்கவே குடுக்காதேங்கோ. பழைய பற்றரியை உடைக்காமல் முழுசா பற்றரிக் கடையில குடுத்தா காசும் தருவினம். நகையை ஒரு போத்தலுக்குள்ள போட்டு மூடி வையுங்கோ, நகரசபை இலத்திரனியல் கழிவு சேர்க்கிற நாளில குடுக்கலாம். கடையில சந்தேகமான சாமான் கண்டா நுகர்வோர் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சுச் சொல்லலாம், உங்கட பகுதி பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவிட்டயும் சொல்லுங்கோ, சாமானையும் பில்லையும் எறியாமல் வைச்சிருந்தா அவைக்கு வேலை லேசு. நாங்கள் அந்த மாலையைக் கொண்டு போய்க் காட்டேக்க எங்களிட்டப் பில் இல்லை, கடையும் திருவிழா முடிஞ்சு போட்டுது.